மறுகரை ஒப்படைப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

ஜமீலா இன்று மறுகரைக் குடிமீட்பு இல்லத்தில் வேலையில் சேர்ந்துவிட்டார். காலை பஸ்ஸில் கடையநல்லூரிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு மேஜை மின்விசிறியுமாக வந்து இறங்கினார். மாடி அறையை நேற்றே கழுவி வைத்திருந்தேன். முப்பத்தாறு வயது. மனநலப் படிப்பு முடித்து, பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குடிநோயாளிகள் பிரிவில் பத்து வருடம் இருந்தவர். சம்பளம் பாதியாகக் குறையும் என்று தெரிந்துதான் கோவில்பட்டிக்கு வந்திருக்கிறார்.

இனி நான்கு மாதம் இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். நவம்பர் முப்பதோடு நான் இறங்கிக்கொள்கிறேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. போன வருடம் அறங்காவலர் கூட்டத்தில் நானாகத்தான் சொன்னேன். ஆரம்பித்தவன் சாகும்வரை நாற்காலியை விடாமல் இருந்து, அவனோடு சேர்த்து இல்லத்தையும் பூட்டுவதை நிறைய இடத்தில் பார்த்தாயிற்று. மறுகரைக்கு அந்தக் கதி வரக் கூடாது. எனக்கு அறுபத்து மூன்று ஆகிறது. முழங்கால் பேச்சு கேட்பதில்லை. தலைவர் அருணகிரி வக்கீல், நீங்கள் இல்லாத மறுகரையா என்று கண் கலங்கினார். அவர் அப்படிக் கலங்குவார் என்று தெரிந்துதான் நான் சொன்னேன் என்கிறாள் பொன்மாரி. என் வீட்டுக்காரி அப்படித்தான் பேசுவாள்.

இங்கே வந்து சேருகிறவர்களைத் தினம் நாலு வரி எழுதச் சொல்வது வழக்கம். நான் எழுதியதில்லை, நேரம் இருந்ததில்லை. இனி இருக்கும் என்று ஆரம்பிக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

முதலில் கைமாறியது புதன்கிழமைக் கூட்டம்தான். வார்டில் இருக்கிறவர்கள், குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். எப்போதும் நான் தொடங்கி வைப்பேன். மகளின் முதல் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கப் போனவன் மூன்று நாள் கழித்து வெறுங்கையோடு வீடு திரும்பிய கதையைச் சொல்வேன். மில் வேலை போனதைச் சொல்வேன். கடைசியாகக் குடித்த நாளைச் சொல்வேன். இருபத்திரண்டு வருடமாக அதே கதைதான். கேட்கிறவன் மட்டும் புதியவன்.

இன்று ஜமீலா நடத்தினார். நான் உள்ளே இருந்தால் எல்லோரும் என் முகத்தையே பார்ப்பார்கள் என்று வெளியே இருக்கச் சொன்னார். சரிதான். பின்பக்கத் தொட்டியில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, வாஷர் மாற்றினேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. என் கூட்டத்தில் யாரும் சிரித்ததில்லை.

வாஷர் சரியாக உட்காரவில்லை. நாளைக்குப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜமீலா ஒன்று கேட்டார். இங்கே எல்லோரும் என்னை அண்ணாச்சி என்பார்கள், இவர் சார் என்கிறார்.

"எல்லாரும் உங்ககிட்ட பேசுறாங்க சார். நீங்க யார்கிட்ட பேசுவீங்க?"

எனக்கு என்ன பேச்சு இருக்கிறது, குடியை விட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டதே என்றேன்.

"அதனாலதான் கேக்குறேன். அந்தப் புதன்கிழமைக் கூட்டம் உங்களுக்கும் மருந்து. அதை நான் வாங்கிக்கிட்டேன். அதுக்குப் பதிலா உங்களுக்கு என்ன இருக்கு?"

மதுரையில் ஞாயிறுதோறும் ஒரு கூட்டம் நடக்கிறதாம், அங்கே நான் யார் என்று தெரியாதவர்கள் இருப்பார்களாம், போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாமாம். பார்க்கலாம் என்றேன். படித்த பிள்ளை, புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறது. நான் அந்தப் புத்தகத்தை வாழ்ந்து முடித்தவன்.

செப்டம்பர் 3, புதன்

புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் நாளே என் கதையைச் சொல்லும் வழக்கத்தை ஜமீலா நிறுத்திவிட்டார். என்னிடம் கேட்டுத்தான் செய்தார், அதில் குறை இல்லை. காரணத்தையும் சொன்னார்.

"ஒரு ஆளை நம்பி இத்தனை பேரும் நிக்கக் கூடாது சார். அந்த ஆள் சாஞ்சா எல்லாரும் சாஞ்சிருவாங்க."

நான் எதற்குச் சாயப் போகிறேன் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முன்கூடத்தில் மாட்டியிருந்த என் போட்டோவை, சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் கழற்றி அலமாரிக்கு மேல் வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு அடித்து ஒரு வாரம் ஆகிறது.

செப்டம்பர் 4, வியாழன்

விளாத்திகுளத்தில் பொன்மாரியின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். நல்ல சாப்பாடு. அவியலில் கொஞ்சம் புளிப்பு தூக்கல். மாப்பிள்ளை நல்ல உயரம். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், நல்ல நிழல், ஆண்கள் எல்லாம் அங்கேதான் கார் பக்கமாக நின்றுகொண்டிருந்தார்கள். நானும் கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பும்போது பஸ் காலியாக இருந்தது. பொன்மாரி என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். கோவில்பட்டி வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

வயிறு சரியில்லை. இல்லத்துக்குப் போகவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

பொன்மாரி ஓசூருக்குப் போயிருக்கிறாள், மகள் வீட்டுக்கு. பேரனுக்குப் பரீட்சையாம், கூட இருந்து படிக்க வைக்க வேண்டுமாம். பேரன் யு.கே.ஜி.

இரண்டு நாளைக்குச் சாம்பார் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வழக்கமாக வெளியூர் போனால் எது எது எங்கே இருக்கிறது என்று பத்து தடவை சொல்வாள். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. குளிர்காலத்துக்கு உள்ள கம்பளியையும் பெட்டியில் வைத்ததைப் பார்த்தேன். ஓசூர் குளிரும்தான்.

செப்டம்பர் 17, புதன்

சாயங்காலம் நடக்க ஆரம்பித்திருக்கிறேன். பைபாஸ் பக்கம் காற்று நன்றாக இருக்கிறது. முழங்காலுக்கும் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போகும்போது கிராம்பு மென்றுகொண்டே போகிறேன். கடைவாய்ப் பல் ஒன்று வலிக்கிறது. பல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

காலையில், இல்லத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும் டாக்டரோடு ஜமீலாவை உட்கார்த்தி வைத்து, மருந்து விவரங்களைக் கைமாற்றுவதாகச் சொல்லியிருந்தேன். தூங்கிவிட்டேன். அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். நான் போனபோது டாக்டர் காபி குடித்து முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 25, வியாழன்

பழைய ஆட்கள் இன்னும் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். ஜமீலா மேடம் நம்பரைக் கொடுக்கலாம். கொடுப்பேன். திடீரென்று கொடுத்தால் அவர்கள் கஷ்டப்படுவார்கள்.

அக்டோபர் 2, வியாழன்

காந்தி ஜெயந்தி. ஊரில் மதுக்கடை எல்லாம் அடைப்பு. வார்டில் பையன்கள், இன்றைக்கு வெளியே இருக்கிறவனும் நம்ம மாதிரிதான் என்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள்.

காலையிலிருந்து எனக்குக் கை நடுக்கம். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை, தலையணை எல்லாம் வியர்வை. சர்க்கரை குறைந்திருக்கும். கொடியேற்ற வரச் சொல்லியிருந்தார்கள். முடிச்சை அவிழ்க்க வராமல் ஜமீலாதான் அவிழ்த்தார். என் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சர்க்கரை என்றேன். தலையாட்டினார். எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது என்று அவருக்குத் தெரியும், போன மாதம்தான் இல்லத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

அக்டோபர் 10, வெள்ளி

இதை எழுதத்தான் வேண்டும்.

பைபாஸ் பக்கம் உள்ள மதுக்கடை வாசலில் இசக்கிராஜ் என்னைப் பார்த்துவிட்டான். இசக்கிராஜ் லோடு வண்டி ஓட்டுகிறவன். ஆறு வருடத்துக்கு முன்னால், அவன் பெண்டாட்டி செல்வக்கனியும் அவள் தம்பியும் கையைக் காலைக் கட்டி மறுகரைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை. வண்டி சொந்தமாக வாங்கினான். வண்டி முன்கண்ணாடியில் மறுகரை என்று ஒட்டியிருக்கிறான். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி வந்தான். என் கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி, "ஏறுங்க அண்ணாச்சி, வீட்ல விடுதேன்" என்றான். ஏறினேன். வழியெல்லாம் மல்லி விலை, டயர் விலை என்று பேசிக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணாச்சி, அது யாருக்கு?"

வார்டில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஒளித்து வைத்திருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வருகிறேன், கொட்டத்தான் போகிறேன் என்றேன். கடை வாசலில் என்னைப் பார்த்தவனிடம் இதைச் சொன்னேன், அவன் இடத்தில் நான் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"சரிங்க அண்ணாச்சி" என்றான். நான் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை வண்டியை எடுக்கவில்லை.

அக்டோபர் 11, சனி

ஒன்றுமில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பொன்மாரி வரவில்லை. மகள் போனில் வாழ்த்து சொன்னாள். அம்மா குளிக்கிறாள் என்றாள். மத்தியானம் கூப்பிட்டபோதும் குளித்துக்கொண்டிருந்தாள்.

இசக்கிராஜ் ஒவ்வொரு தீபாவளிக்கும் பிள்ளைகளோடு அதிரசம் கொண்டுவருவான். இந்த வருடம் வரவில்லை. லோடு இருந்திருக்கும்.

அக்டோபர் 28, செவ்வாய்

செல்வக்கனி போன் செய்தாள். இசக்கி மறுபடி ஆரம்பித்துவிட்டானாம். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாலிருந்தே. முதலில் உடம்பு வலிக்கு என்றானாம், பிறகு காரணமும் சொல்வதில்லையாம். பிள்ளைகள் அப்பா வருகிற சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்களாம்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் அண்ணாச்சி. வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு."

நாளைக்கு வருகிறேன் என்றேன்.

ஜமீலா நம்பரைக் கொடுத்திருக்கலாம். அவள் என்னைத்தான் கேட்டாள்.

நவம்பர் 1, சனி

இன்னும் போகவில்லை. மழை.

அருணகிரி வக்கீல் வீட்டுக்கு வந்தார். முப்பதாம் தேதி வழியனுப்பு விழாவுக்கு மண்டபம் பேசியாகிவிட்டது. இங்கே குணமாகிப் போனவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வருகிறார்கள். மேடையில் பின்னால் தொங்கவிடும் பேனரின் படத்தைப் போனில் காட்டினார். என் முகம் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. கீழே 'இருபத்திரண்டு ஆண்டுகள், ஒரு துளிகூட இல்லை' என்று எழுதியிருக்கிறது. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்றேன். அடக்கத்தைப் பார் என்று முதுகில் தட்டினார். அவர் போகும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் தள்ளாடும்.

நவம்பர் 6, வியாழன்

இசக்கிராஜ் வண்டி, சாத்தூர் போகிற வழியில் பாலத்துச் சுவரில் மோதிக் கவிழ்ந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கே குடித்திருக்கிறான். வேறு யாருக்கும் அடி இல்லை. அவனுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிவு, விலா எலும்பும் போயிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஜமீலாதான் வந்து சொன்னார். செல்வக்கனி இல்லத்து நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கூப்பிடவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இசக்கி மருந்து மயக்கத்தில் இருந்தான். செல்வக்கனி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் வரவில்லையே என்று சண்டை போடுவாள் என்று நினைத்தேன். எழுந்து நின்றாள்.

"உங்களுக்கு உடம்பு முடியலையாமே அண்ணாச்சி? உங்ககிட்ட போவோம்னு நான் தினமும் சொன்னேன். 'அண்ணாச்சிக்கு முடியல, அவரைத் தொந்தரவு பண்ணாத'ன்னுட்டாரு. நாந்தான் மனசு கேக்காம போன் போட்டேன்."

வேறு என்ன சொன்னான் என்று கேட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட யாரிடமும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கினேன். கிளாஸ் கையில் நிற்கவில்லை. கடைக்காரர் கிளாஸை வாங்கி, பாதி ஊற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். என்னைப் போல் நிறையப் பேரைப் பார்த்திருப்பார்.

நவம்பர் 10, திங்கள்

ஜமீலா அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என் பழைய அறைதான். அவர் நாற்காலியில் உட்காராமல் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"காந்தி ஜெயந்தியிலிருந்தே எனக்குத் தெரியும் சார். அப்போ நான் வேலைக்கு வந்து ரெண்டு மாசம். நீங்க இந்த இடத்தைக் கட்டினவர். எப்படிச் சொல்றதுன்னு பயந்துட்டேன். நீங்களா வந்து சொல்வீங்கன்னு பாத்தேன். நான் பயந்த நேரத்துல இசக்கிராஜ் வண்டி கவுந்திருச்சு. அது என் மேல உள்ள தப்பு. இனிமேப் பயப்பட மாட்டேன்."

விழா முடியட்டும் என்றேன். முப்பது கழிந்ததும் எங்கே சொல்கிறாரோ அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறேன், இருபது நாள்தானே என்றேன். இதையே என்னிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணம் முடியட்டும் அண்ணாச்சி, கோயில் கொடை முடியட்டும் அண்ணாச்சி. ஒருவனையும் நான் விட்டதில்லை.

அவரும் விடவில்லை. "இங்க சேரணும்னு இல்ல, மதுரைக்குப் போங்க, அதுதான் முறை. ஆனா அந்த மேடையில நிக்காதீங்க. நின்னா நான் அங்க இருக்க மாட்டேன்" என்றார்.

நவம்பர் 11, செவ்வாய்

செப்டம்பர் நான்காம் தேதி. விளாத்திகுளம் மண்டபத்துக்குப் பின்னால். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. ஒரு பையன் எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தான், என் முறை வந்ததும் என்னை அடையாளம் கண்டு, மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி என்று நகரப் பார்த்தான். நான்தான் கையை நீட்டினேன். அன்றைக்கு எனக்குத் துக்கம் ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஏங்கிக் கிடந்தேன் என்றும் சொல்ல முடியாது. இனி என்னை யாரும் உற்றுப் பார்க்கப் போவதில்லை என்று தோன்றியது. அவ்வளவுதான். மறுநாளும் குடித்தேன். அதற்கப்புறம் காந்தி ஜெயந்தி தவிர எல்லா நாளும்.

அருணகிரி வக்கீலிடம் போய்ச் சொன்னேன். கையில் இருந்த கேஸ் கட்டை மூடி வைத்தார். பிறகு, இது ஜமீலாவோடு சேர்த்து நம் மூவருக்குள் இருக்கட்டும், முப்பதாம் தேதிவரை எப்படியாவது சமாளியுங்கள், அப்புறம் என் செலவில் வெளியூரில் வைத்தியம் பார்க்கலாம் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருடைய தம்பி இங்கே குணமானவன். "நீங்க குடிச்சீங்கன்னு தெரிஞ்சா அவன் என்ன ஆவான்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டார்.

யோசித்தேன். வீட்டுக்கு வந்தும் அதைத்தான் யோசித்தேன். யோசித்துக்கொண்டே குடித்தேன்.

நவம்பர் 13, வியாழன்

பொன்மாரி போனை எடுத்தாள். சொல்ல ஆரம்பித்தேன். தெரியும் என்றாள். அன்றைக்கு விளாத்திகுளத்தில் பஸ் ஏறும் முன்னாலேயே தெரியும், இருபது வருடம் கழித்தும் அந்த வாடை மறக்குமா என்றாள்.

வைத்தியத்துக்குச் சேரப் போகிறேன், நீ வந்துவிடு என்றேன்.

"நல்லாயிருங்க. நீங்க சரியானா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா நான் வரல. அப்போ எனக்கு வயசு இருந்துச்சு, காத்துக் கிடந்தேன். இப்போ முடியாது."

அழவில்லை, திட்டவும் இல்லை. பால்காரருக்குச் சொல்லி நிறுத்திவிடுங்கள் என்று கடைசியாகச் சொன்னாள்.

நவம்பர் 15, சனி

இசக்கி இன்று நன்றாக முழித்திருந்தான். காலைக் கட்டோடு தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நீ கேட்டாயே, அது எனக்குத்தான் என்றேன்.

"அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி."

அப்புறம் ஏன் குடித்தாய் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. அவனே சொன்னான். விலா வலியால் இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தினான்.

"நீங்க குடிச்சதுக்காக நான் குடிக்கல. யாருக்கும் வழுக்கும். நீங்கதானே அப்படிச் சொல்லித் தந்தீங்க. வழுக்கினா மறைக்காத, யார்கிட்டயாவது சொல்லிரு, தப்பிச்சுருவன்னு சொல்லித் தந்தீங்க. 'எனக்குத்தாண்டா இசக்கி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்களை அப்படியே இல்லத்துக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேன். ராவும் பகலும் கூட இருந்திருப்பேன். நீங்க எங்கிட்டயே பொய் சொன்னீங்க. அப்போ நீங்க சொன்னது எல்லாமே பொய்தானான்னு ஆயிருச்சு."

 இசக்கி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். மறுகரைக்கு வா, ஜமீலா பார்த்துக்கொள்வார் என்றேன். அங்கே வரமாட்டானாம். ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் செல்வக்கனி அவனைத் தம்பி வீட்டுக்குக் கூட்டிப் போகிறாள். ஜமீலா வாரம் ஒரு முறை அங்கே போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் வரவேண்டாம் என்று செல்வக்கனி சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

நவம்பர் 19, புதன்

கூட்டத்தில் சொல்லிவிட்டேன். ஜமீலா கேட்கவில்லை, நானாகத்தான் இடம் கேட்டேன். உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்லிவிட்டு வட்டத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பழைய கதை வாய்வரை வந்தது. கேக் வாங்கப் போனது, மில் வேலை போனது. அதை விட்டுவிட்டு நேற்று சாயங்காலம் குடித்ததைச் சொன்னேன்.

ஒரு பையன் சிரித்தான். நான் கேலிக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறான். பிறகு நிறுத்திவிட்டான். எட்டயபுரத்திலிருந்து வரும் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், ஒன்பது வருடமாகத் தொடாதவர், எழுந்து வெளியே போய் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வார்டில் இருந்த இரண்டு பேர் இப்போதே பையைக் கட்டுகிறோம் என்றார்கள். ஜமீலா அவர்களைத் தடுக்கவில்லை. போவதற்கு முன்னால் அரை மணி நேரம் என்னோடு பேசுங்கள் என்று மட்டும் சொன்னார். ஒருவன் இருந்தான். ஒருவன் போய்விட்டான்.

எங்கே போய்ச் சேரப் போகிறீர்கள் என்று யாரோ கேட்டார்கள். மதுரை என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். இங்கேதான் என்று வந்துவிட்டது.

ஜமீலாவுக்கு அதில் சம்மதம் இல்லை. கடைசியில் நிபந்தனை போட்டார். இங்கே சேர்ந்தால் நான் ஒரு நோயாளி மட்டும்தான், அறை கிடையாது, வார்டுக் கட்டில்தான், கூட்டத்தில் என் முறை வந்தால்தான் பேச வேண்டும், யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது, ஒன்று மீறினாலும் மறுநாள் மதுரை என்றார். சரி என்றேன்.

நவம்பர் 20, வியாழன்

பத்து நாள் முன்னதாகவே ஒப்படைப்பு முடிந்தது. மதியம் அருணகிரி வக்கீல் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மருந்து அலமாரிச் சாவி, வாசல் சாவி, பின்கட்டுச் சாவி எல்லாவற்றையும் மேஜையில் வைத்தேன். பழைய ஆட்களுக்கு எல்லாம் ஜமீலா நம்பரைச் சொல்லிவிட்டு, போனையும் கொடுத்தேன். பிறகு சட்டையைக் கழற்றிச் சோதனைக்கு நின்றேன். இடுப்பு பெல்ட்டையும் வாங்கிக்கொண்டார்கள். அதை வாங்கி வைக்க வேண்டும் என்று விதி போட்டவன் நான்தான்.

டாக்டர் ஊசி போட்டார். கை எழுத வரவில்லை. போதும்.

நவம்பர் 30, ஞாயிறு

உட்கார்ந்து எழுத முடிகிறது. நடுவில் நாலைந்து நாள் என்ன நடந்தது என்று சரியாக நினைவில்லை. சுவரில் எறும்பு ஊர்வதாகக் கத்தினேனாம். என்னைக் கட்டிலோடு பிடித்துக்கொண்ட இரண்டு பேரில் ஒருவன், அன்றைக்குக் கூட்டத்தில் சிரித்த பையன்.

இன்று விழா நடந்திருக்க வேண்டிய நாள். மண்டபத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். எனக்கு உடல்நலம் சரியில்லை என்று எல்லோருக்கும் தகவல் போயிருக்கிறது. வக்கீலின் தம்பி என்னைப் பார்க்க வந்து, அனுமதி இல்லை என்று வாசலோடு திரும்பிப் போனாராம். நிதானமாகத்தான் இருந்தாராம்.

மதியம் ரசமும் அவரைக்காய் பொரியலும்.

டிசம்பர் 6, சனி

காலையில் பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவனைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கழுகுமலைப் பக்கம் ஏதோ கிராமம், முப்பது வயது இருக்கும். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலையாம். அம்மாவும் தங்கையும் விட்டுவிட்டுப் போனார்கள். கதவு சாத்தியதும் வெகு நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் போன பிறகு என் பக்கம் திரும்பினான்.

"பெரியவரே, இங்க ஒரு அண்ணாச்சி இருப்பாராமே. தவசிமுத்து அண்ணாச்சின்னு. அவர் பக்கத்துல உக்காந்து பேசினா குடி விட்டுருமாமே. எங்க ஊர்ல ஒருத்தரு அப்படித்தான் நல்லாயிட்டாரு. அவருக்காகத்தான் வந்தேன். எப்போ வருவாரு?"

 வார்டில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"அவர் போயிட்டாரு" என்றேன்.

"செத்துட்டாரா?"

"இல்ல. போயிட்டாரு. இப்போ ஜமீலான்னு ஒரு மேடம் இருக்காங்க. நல்லாக் கேப்பாங்க. அவங்ககிட்ட பேசு."

அவன் முகம் விழுந்துவிட்டது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். சின்னப் பிள்ளை மாதிரி தோள் குலுங்கியது. என் கட்டிலுக்கும் அவன் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போடும் இடம்தான். எழுந்து போய்த் தோளில் கை வைக்கலாம். வைத்தால் பேசத் தொடங்கிவிடுவேன். என்ன பேச வேண்டும், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜமீலா வந்தார். அவன் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார். அவன் அழுது முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. நானாக இருந்தால் அதற்குள் பாதிக் கதை சொல்லியிருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் பேச ஆரம்பித்தான். மெதுவாகத்தான் பேசினான். எனக்குக் கேட்கவில்லை.